பிக்கப் டிரக்கும் ஹெடர் குழாயும்

இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் எரிந்த வாயுவைத் தனித்தனிக் குழாயில் வாங்கி, சிறிது தூரம் கொண்டுசென்று, பிறகு ஒரே குழாயில் சேர்க்கும் எஃகுக் குழாய்க் கொத்துக்கு ஹெடர் என்று பெயர். ஆலையிலிருந்து வண்டியோடு வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் கடையில் வாங்கிய ஹெடரைப் பூட்டுவது அமெரிக்காவில் முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் வேலை. பந்தயக் கார்களுக்காகப் பிறந்த இந்தப் பொருள் பிக்கப் டிரக்குக்குள் நுழைந்த கதை வேகத்தின் கதையாகத் தொடங்கி, காற்று மாசுச் சட்டத்தின் கதையாக மாறியது. இன்று விற்பனையில் இருக்கும் ஒரு ஹெடரின் நீளத்தையும் வளைவையும் அதில் பற்றவைக்கப்பட்டிருக்கும் சிறு இணைப்புகளையும் பார்த்தாலே போதும். அதன் வடிவத்தில் பொறியாளருக்கு எவ்வளவு பங்கு, சட்டமன்றத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மேனிஃபோல்டும் ஹெடரும்

பெட்ரோல் இயந்திரத்தில் வெளியேற்று வால்வு திறந்ததும் எரிந்த வாயு பெரும் அழுத்தத்தோடு பாய்ந்து வருகிறது. பழைய மேனிஃபோல்டு ஒரு மரக்கட்டையைக் குடைந்தது போன்ற வார்ப்பு. ஒரு வரிசையில் உள்ள எல்லாச் சிலிண்டர்களின் வாயில்களும் அந்த ஒரே பொந்துக்குள் திறக்கும். ஒரு சிலிண்டரிலிருந்து வாயு பாயும் நேரத்தில் பக்கத்துச் சிலிண்டரின் வாயிலும் திறந்திருந்தால், அழுத்தம் அதற்குள் புகுந்து, அங்கிருந்து வெளியேற வேண்டியதைத் தடுத்துவிடும்.

எட்டுச் சிலிண்டர்கள் இரு வரிசையாக நிற்கும் வி8 இயந்திரத்தில் இந்தத் தொல்லை அதிகம். செவ்ரோலே வி8 இயந்திரத்தின் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் ஓட்டுநர் பக்கம், இரட்டைப்படை எண்கள் எதிர்ப்பக்கம். வரிசையை ஒருமுறை படித்தாலே, 8-க்கு அடுத்து 4, 5-க்கு அடுத்து 7 என ஒரே பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து எரிவது தெரியும். அமெரிக்க வி8 வண்டிகளுக்கே உரிய அந்தத் தடதடப்பான உறுமல் இந்தச் சீரின்மையிலிருந்து பிறப்பதுதான். காதுக்கு இனிமை, மேனிஃபோல்டுக்குள் நெரிசல்.

தனிக் குழாய் இருந்தால் நெரிசல் குறைகிறது. அதோடு இன்னொரு நன்மையும் உண்டு. குழாயில் விரைந்து செல்லும் வாயுத் திரள் தன் பின்னால் குறைந்த அழுத்தத்தை விட்டுச் செல்கிறது. அந்த இழுவை, சிலிண்டரில் மிச்சம் கிடக்கும் எரிந்த வாயுவையும் உறிஞ்சி எடுக்கும். வெளியேற்று வால்வு மூடுவதற்கு முன்பே உள்ளிழுப்பு வால்வு திறக்கத் தொடங்கிவிடுவதால், புதிய கலவையையும் அது சற்று முன்கூட்டியே உள்ளே இழுத்துவிடும். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் இந்த நன்மை குறைந்த சுழற்சியில் கிடைக்கும். குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் உயர்ந்த சுழற்சியில்தான் கிடைக்கும். பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு வேண்டியது முன்னது. நான்கு குழாய்களை முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேர்க்கும் டிரை-ஒய் அமைப்பு டிரக் ஹெடர்களில் பெயர் பெற்றதற்கு இதுவே காரணம்.

வார்ப்பிரும்பை ஏளனம் செய்வது ஹெடர் விற்பவர்களின் பழைய வழக்கம். ஆனால் அது மலிவானது, சத்தத்தை அடக்குவது, வெப்பத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது, கவனிப்பே இல்லாமல் பல்லாண்டு உழைப்பது. மெல்லிய எஃகுக் குழாயிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வண்டி நிறுவனங்கள் அறியாமையால் வார்ப்பிரும்பைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

பண்ணை வண்டியின் காலம்

ஃபோர்டு நிறுவனம் தன் மாடல்-டி வண்டியை ஆலையிலேயே பிக்கப் உடலோடு விற்கத் தொடங்கியது 1925இல். அதற்கு முன்பு காரை வாங்கி, பின்பாகத்தை வெட்டி, உள்ளூர்த் தச்சரிடம் பெட்டி கட்டிக்கொள்வார்கள். தீவனமும் பால் கேனும் ஏற்றிச் சென்ற அந்த வண்டிக்கு யாரும் குதிரைத்திறன் கணக்குப் பார்க்கவில்லை.

1932இல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 இயந்திரத்தைக் கொண்டுவந்தது நிலைமையை மாற்றியது. வால்வுகள் இயந்திரக் கட்டையின் பக்கவாட்டில் அமைந்திருந்த அந்த இயந்திரத்தில், எரிந்த வாயு சிலிண்டர்களுக்கு இடையே புகுந்து கட்டையின் வெளிப்புறத்துக்கு வர வேண்டியிருந்தது. ஒரு வரிசையில் நான்கு சிலிண்டர்கள். ஆனால் வெளியே தெரியும் வாயில்கள் மூன்றுதான். நடுவிலிருந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வாயில். வாயு செல்லும் வழியெங்கும் குளிர்நீரைச் சூடாக்கிக்கொண்டே போனதால், அளவுக்கு மீறிச் சூடாவது அந்த இயந்திரத்தின் தீராத நோயாயிற்று. அதற்கு ஹெடர் செய்தவர்கள் ஒரு பக்கத்துக்கு மூன்று குழாய்களே வைத்தார்கள். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் இத்தகைய வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். 1937இல் தெற்குக் கலிபோர்னியா நேரக் கணிப்புச் சங்கம் உருவானது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழின் முதல் எண் வந்தது. போரிலிருந்து திரும்பியவர்களிடம் பற்றவைக்கும் திறமையும் கையில் கொஞ்சம் காசும் இருந்தன.

பிக்கப்பில் முதலில் நடந்த வேலை இதைவிட எளியது. அன்றைய செவ்ரோலே டிரக்குகளில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றன. அந்த இயந்திரத்தின் மேனிஃபோல்டை நடுவில் இரும்புத் தகட்டால் அடைத்து, இன்னொரு வாயில் வெட்டிப் பற்றவைத்து, இரண்டு சைலன்சர்களோடு இணைத்துவிடுவார்கள். முன் மூன்று சிலிண்டர்களுக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய். அதிலிருந்து வந்த கிழிபடும் ஓசையைக் கேட்டே ‘பிளந்த மேனிஃபோல்டு’ என்று கண்டுகொள்வார்கள். வெட்டி ஒட்டும் தொல்லை வேண்டாதவர்களுக்காக ஃபென்டன் என்ற பெயரில் வார்ப்பிரும்பிலேயே இரண்டாகப் பிரிந்த ஹெடர் விற்பனைக்கு வந்தது. குழாய் அல்ல, வார்ப்புத்தான். ஆனாலும் ஹெடர் என்றே பெயர்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆறு சிலிண்டர் இயந்திரத்தில் வெளியேற்று மேனிஃபோல்டின் மேல்தான் கார்புரேட்டர் அமர்ந்த உள்ளிழுப்பு மேனிஃபோல்டு உட்கார்ந்திருக்கும். கீழிருந்து வரும் வெப்பம் பெட்ரோலை ஆவியாக்க உதவும். மேனிஃபோல்டை மாற்றினால் அந்த வெப்பம் போய்விடும். பனிக்காலக் காலையில் வண்டி இருமும், திணறும், நின்றுவிடும். சிலர் ரேடியேட்டர் சுடுநீரை ஒரு சிறு குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கு அடியில் ஓடவிட்டுச் சமாளித்தார்கள். ஹெடரால் வரும் இலாபம் எப்போதும் வேறெங்கோ ஒரு செலவை இழுத்து வரும் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

கலிபோர்னியாவின் பட்டறைகள்

1955இல் செவ்ரோலே தன் சிறிய வி8 இயந்திரத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் அது பிக்கப்பிலும் கிடைத்தது. எடை குறைவு, விலை குறைவு, சுழற்சி அதிகம். பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்த இயந்திரத்தின் கொள்ளளவு மாறிக்கொண்டே இருந்தாலும் வெளியேற்று வாயில்களின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஹெடர் தொழில் ஒரு தொழிலாகக் காலூன்றியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஒரே தகட்டுத் துளை அமைப்புக்கு இலட்சக்கணக்கான வண்டிகள்.

பாப் ஹெட்மன் 1954இல் தொடங்கிய நிறுவனம் தன் பெயரையே சிலேடையாக்கி ‘ஹெட்டர்ஸ்’ என்று எழுத்து மாற்றி விற்றது. 1960களில் ஹூக்கர் நிறுவனத்தின் பெயர் பந்தய மைதானங்களில் பரவியது. இழுவைப் பந்தய ஓட்டுநரான டக் தார்லியின் பெயரிலும் ஹெடர்கள் வந்தன; பின்னாளில் டிரக்குகளுக்கும் வீட்டு வண்டிகளுக்குமான டிரை-ஒய் ஹெடர்களுக்கு அந்தப் பெயர் நன்கு அறியப்பட்டது. 1963இல் வேகச் சாமான் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி செமா என்ற சங்கத்தை அமைத்தார்கள். தொடக்கத்தில் அதன் பெயரிலேயே ‘வேகம்’ என்ற சொல் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு ‘சிறப்புச் சாதனங்கள்’ என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். காலம் மாறுவதை அவர்களும் உணர்ந்திருக்க வேண்டும்.

தகடு இயந்திரத்துக்குப் பொருந்தினால் போதாது; குழாய்கள் வண்டியின் அடிச்சட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஸ்டியரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கம்பி, எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே ஒரே இயந்திரத்துக்கு வண்டிக்கு ஒன்றாக ஹெடர் வளைத்தார்கள். சிறிய கார்களில் இந்த வேலை நரகம். பிக்கப்பின் முன்பெட்டியோ அகலமானது, அடிச்சட்டம் உயரமானது, மூடியைத் திறந்து உள்ளே காலை வைத்து உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். நீண்ட குழாய் ஹெடரைத் தன் வீட்டு முற்றத்தில் தானே பூட்டிப் பழக விரும்பியவருக்குப் பிக்கப்பைவிட நல்ல வண்டி இருக்கவில்லை. நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையில் மட்டும் முன்சக்கரத்துக்குச் செல்லும் சுழல்தண்டு வழியை அடைத்தது.

வாங்கியவர்கள் எல்லோரும் பந்தயப் பித்தர்களும் அல்லர். படகையோ குதிரை வண்டியையோ மலைப்பாதையில் இழுத்துச் சென்றவர்கள், பெரிய வி8 இயந்திரத்தின் மேனிஃபோல்டு வெப்பம் தாங்காமல் விரிசல் விட்டதால் ஹெடருக்கு மாறினார்கள்.

புகைமூட்டமும் 6,000 பவுண்டும்

ஹெடர் தொழில் வளர்ந்த அதே லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில்தான் கண்ணை எரிக்கும் பழுப்பு நிறப் புகைமூட்டமும் வளர்ந்தது. கால்டெக் கல்வி நிறுவனத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகென்-ஸ்மிட் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1950களின் தொடக்கத்தில் அவர், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து இந்தப் புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன என்று காட்டினார். 1967இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. 1970இல் நாடு முழுவதற்குமான தூய காற்றுச் சட்டம் விரிவாக்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிறந்தது.

ஹெடர்காரர்களுக்கு முதல் அடி ஒரு காற்று பம்பின் வடிவில் வந்தது. எரியாமல் மிஞ்சும் பெட்ரோலை மேனிஃபோல்டிலேயே எரித்துவிட, பம்பு ஒன்று ஒவ்வொரு வெளியேற்று வாயிலுக்கும் காற்றைச் செலுத்தியது. அதற்கான துளைகள் வார்ப்பிரும்பில் இருந்தன, ஹெடரில் இல்லை. ஹெடரைப் பூட்டினால் பம்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் சட்ட மீறல். ஹெடரின் ஒவ்வொரு குழாயிலும் சிறு மரையிணைப்பு ஒன்றைப் பற்றவைத்து விற்கத் தொடங்கினார்கள். குதிரைத்திறனுக்கு எந்த வகையிலும் உதவாத அந்த இணைப்பு இன்றும் பழைய டிரக்குகளுக்கான சில ஹெடர்களில் இருக்கிறது.

அடுத்து வந்தது வினையூக்கி மாற்றி. 1975 மாதிரி ஆண்டிலிருந்து பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் அது இடம்பெற்றது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயமாயிற்று. ஆனால் விதி, மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு, உட்பட்ட டிரக்குகளை மட்டுமே இலகு வண்டியாகக் கருதியது. அதற்கு மேற்பட்டவை கனரக வண்டிகள். அவற்றுக்குத் தளர்ந்த விதி.

எண்ணைக் குறித்துவிட்டால் அதற்கு அடுத்த எண்ணில் வண்டி செய்வார்கள். ஃபோர்டு 1975இல் தன் எஃப்-100 வண்டிக்குச் சற்று மேலே எஃப்-150 என்ற புதிய வண்டியைக் கொண்டுவந்தது. அதன் மொத்த எடைத் தகுதி 6,050 பவுண்டு. ஐம்பது பவுண்டு கூடுதலில் வினையூக்கி மாற்றியும் இல்லை, ஈயமில்லாப் பெட்ரோல் தேடும் அலைச்சலும் இல்லை. பின்னர் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பிக்கப்பாக ஆன அந்தப் பெயர், பிறப்பால் ஒரு சட்ட இடுக்கின் பிள்ளை. செவ்ரோலேயும் டாட்ஜும் அதே வழியில் சென்றன. ‘கனத்த அரை டன்’ என்று அந்த வகைக்குப் பட்டப்பெயரே விழுந்தது.

இடுக்கு எவ்வளவு பெரியது என்பதை டாட்ஜ் 1978இல் காட்டியது. ‘லில் ரெட் எக்ஸ்பிரஸ்’ என்ற சிவப்பு நிற டிரக்கில், காவல்துறைக் கார்களுக்கான பாகங்கள் சேர்த்த 360 கன அங்குல வி8 இயந்திரம். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற இரண்டு குரோம் புகைபோக்கிகள். வினையூக்கி மாற்றி இல்லை. ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் அந்த ஆண்டின் அமெரிக்க வண்டிகளைச் சோதித்தபோது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 மைல் வேகத்தை விரைவில் எட்டியது கார்வெட் அல்ல, இந்த டிரக்தான். 1978இல் 2,188 வண்டிகளும் 1979இல் 5,118 வண்டிகளும் செய்யப்பட்டன. 1979இல் எல்லை 8,500 பவுண்டுக்கு உயர்த்தப்பட்டது. லில் ரெட் வண்டியிலும் வினையூக்கி மாற்றி ஏறியது; அரை டன் பிக்கப்புகளின் விடுமுறை முடிந்தது.

ஹெடர் பூட்டியவர்களைப் பொறுத்தவரை 1975 முதல் 1978 வரையான அந்த நான்கு ஆண்டுகள் முக்கியமானவை. காரைத் தொட முடியாதவர்கள் டிரக்கைத் தொட்டார்கள். பிக்கப்பை வேலைக்கன்றி விருப்பத்துக்காக வாங்கும் பழக்கம் அப்போதுதான் வேர்விட்டது என்று சொல்வது மிகையாகலாம். எரிபொருள் விலை, புறநகர் வாழ்க்கை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் சட்டம் திறந்து வைத்த வாசலில் ஆட்கள் நுழைந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

குட்டைக் குழாயின் பிறப்பு

கலிபோர்னியாவின் வாகனச் சட்டம், 27156ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டின் பயனைக் குறைக்கும் எந்தச் சாதனத்தையும் விற்கவோ பூட்டவோ தடைவிதிக்கிறது. தன் பொருள் அப்படிக் குறைக்கவில்லை என்று தயாரிப்பாளர் சோதனை செய்து காட்டினால், காற்று வள வாரியம் விலக்கு ஆணை வழங்கும். அந்த ஆணையின் எண் அச்சிட்ட வில்லையை முன்பெட்டிக்குள் ஒட்ட வேண்டும். 1984இல் கலிபோர்னியாவில் புகைச் சோதனை நடைமுறைக்கு வந்தபின், சோதிப்பவர் முதலில் தேடுவது அந்த வில்லையைத்தான். பளபளக்கும் ஹெடர் தெரிந்து வில்லை தெரியவில்லை என்றால், புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வண்டி தேறாது.

விலக்கு பெறுவதற்கு எளிய வழி, ஆலை மேனிஃபோல்டு முடியும் அதே இடத்தில் ஹெடரும் முடிவது. அப்படியானால் வினையூக்கி மாற்றியை நகர்த்த வேண்டியதில்லை, உணரியை இடம் மாற்ற வேண்டியதில்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் பிறந்ததே ‘ஷார்ட்டி’ எனப்படும் குட்டைக் குழாய் ஹெடர். தனித்தனிக் குழாய்கள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஓடி உடனே கூடிவிடும். நீண்ட குழாயில் கிடைக்கும் இழுவை இதில் பெரும்பாலும் கிடைக்காது. நெரிசல் சற்றுக் குறையும், சில குதிரைத்திறன்கள் கூடும், ஓசை மாறும். வாயு இயக்கவியல் எழுதிய வடிவம் நீண்ட குழாய், விதிப்புத்தகம் எழுதிய வடிவம் குட்டைக் குழாய். விளம்பரங்கள் இரண்டுக்கும் ஒரே தொனியில் புகழ் பாடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

1996இல் எல்லா இலகு வண்டிகளிலும் இரண்டாம் தலைமுறைக் கணினிக் கண்காணிப்பு கட்டாயமானது. வினையூக்கி மாற்றிக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் உணரிகள் அமர்ந்தன. பின்னால் இருப்பதன் ஒரே வேலை, மாற்றி ஒழுங்காக உழைக்கிறதா என்று கணினிக்குச் சொல்வது. நீண்ட குழாய் பூட்டினால் மாற்றி பின்னுக்குத் தள்ளப்படும். இயந்திரத்திலிருந்து தூரம் கூடக் கூட அது சூடேற அதிக நேரம் பிடிக்கும். குளிர்ந்த மாற்றி வினைபுரியாது. வண்டி வெளியிடும் மாசில் பெரும்பகுதி கிளம்பிய முதல் சில நிமிடங்களில்தான் வருகிறது. ஆகவே மாற்றியைக் கழற்றாமல் வெறுமனே நகர்த்துவதும் சிறு செயல் அல்ல. மீட்டர் பலகையில் எரியும் மஞ்சள் விளக்கை வெறும் தொந்தரவாகக் கருதியவர்கள், கணினியின் நிரலை மாற்றி அதை அணைத்தார்கள். ஒரு ஸ்பேனர் வேலை இவ்விதம் ஒரு கணினி வேலையாகவும் ஆயிற்று.

வண்டி நிறுவனங்களும் இதற்குள் விழித்துக்கொண்டன. ஃபோர்டு தன் 1985 மஸ்டாங் ஜிடி காரில் எஃகுக் குழாய் ஹெடரை ஆலையிலேயே வைத்தது. அதே நிறுவனத்தின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் டிரக் இயந்திரத்துக்கு 1987இல் எரிபொருள் பீச்சும் முறை வந்தபோது, வெளியேற்று மேனிஃபோல்டும் இரண்டு துண்டுகளாக, வாயு நன்கு ஓடும்படி மாறியது. பழைய எஃப்-100 வைத்திருப்பவர்கள் உடைப்பு யார்டுகளில் அந்த இரட்டை மேனிஃபோல்டைத் தேடி வாங்கிப் பூட்டுகிறார்கள். கடை ஹெடரோடு போட்டிபோடும், துளை விழாது, கேஸ்கட் ஊதாது. அந்த இயந்திரத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான மாற்றம் வேறில்லை.

உடைந்த போல்ட்

1990களின் இறுதியிலிருந்து பிக்கப்புகளில் ஹெடர் பூட்டுவதற்கு முற்றிலும் வேறொரு காரணம் சேர்ந்தது. 1997இன் ஃபோர்டு டிரைட்டன் வி8, 1999 சில்வராடோவில் வந்த செவ்ரோலேயின் புதிய வி8, 2003 டாட்ஜ் ராமின் ஹெமி ஆகிய மூன்றிலும் சிலிண்டர் தலை அலுமினியம், மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆனால் தலைக்குள் குளிர்நீர் ஓடுகிறது. மேனிஃபோல்டோ அதைவிடப் பல மடங்கு சூடேறுகிறது. ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் இரண்டும் வெவ்வேறு அளவில் நீண்டு சுருங்குகின்றன. நடுவிலுள்ள போல்ட்கள் தாக்குப்பிடிக்கின்றன. ஓரங்களில் உள்ளவை, குறிப்பாகக் கடைசிச் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பவை, முன்னும் பின்னும் அறுபட்டுப் பல ஆண்டுகளில் ஒருநாள் தலை துண்டாகி விழுகின்றன.

நோய்க்குறி எளியது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் ‘டிக் டிக்’ என்ற ஓசை. சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிட, ஓசை அடங்கும். பலர் இதை வால்வுச் சத்தம் என்று எண்ணி எண்ணெயை மாற்றிப் பார்ப்பார்கள். உண்மையில் கசியும் இடத்தில் வெளிக்காற்றும் உள்ளே புகுந்து ஆக்சிஜன் உணரியைக் குழப்பக்கூடும்.

இந்த வேலையில் ஹெடரைப் பூட்டுவது பாதி நாள், உடைந்த போல்டை எடுப்பது மீதி எல்லா நாளும். முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் தெளிப்பார்கள். முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துச் சூட்டோடு சூடாகத் திருகி எடுப்பார்கள். உள்ளேயே முறிந்திருந்தால் நடுப்புள்ளி பார்த்துத் துளையிட வேண்டும். துளை இம்மி விலகினாலும் அலுமினியம்தான் கரையும், எஃகுத் துண்டு அல்ல; பிறகு தலையையே கழற்ற வேண்டி வரும். இவ்வளவும் செய்து முடித்தபின் அதே பழைய வார்ப்பிரும்பை மீண்டும் பூட்ட மனம் வராது. அங்கேதான் ஹெடர் விற்கிறது.

பூட்டும்போது கேஸ்கட் உட்காரும் பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, போல்ட்களை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறிது சிறிதாக முறுக்குவது முறை. முதல்முறை சூடாகி ஆறியபின் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். தளராத ஹெடர் அரிது. ஸ்பார்க் பிளக் கம்பி குழாயில் உரசினால் ஒரு வாரத்தில் உருகும். வெப்பத்தைத் தடுக்கக் குழாயில் துணிப்பட்டை சுற்றுபவர்கள் உண்டு. ஆனால் பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்துச் சாதாரண எஃகை அரித்துவிடும். அதனால் பீங்கான் பூச்சோ துருப்பிடிக்காத எஃகோ மேல் என்று அனுபவப்பட்டவர்கள் பணத்தைக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள்.

சட்டம் நெருங்கியபோது

தூய காற்றுச் சட்டத்தின் முதல் வடிவம் தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. 1977இல் பழுதுபார்க்கும் கடைகள் சேர்க்கப்பட்டன. 1990இல் வலை முழுதாக விரிந்தது: யாராக இருந்தாலும் கட்டுப்பாட்டுச் சாதனத்தைக் கழற்றக் கூடாது, அதை முடக்குவதையே முதன்மை விளைவாகக் கொண்ட பாகத்தைச் செய்யவோ விற்கவோ கூடாது. நீண்ட குழாய் ஹெடர்ப் பெட்டிகளில் ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்ற வரி அச்சாவது இதனால்தான். தன் பிக்கப்பைத் தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்பவர் அந்தப் பெட்டியை வாங்குகிறார் என்பது விற்பவருக்கும் தெரியும்.

உண்மையான மோதல் பெட்ரோல் ஹெடரில் வெடிக்கவில்லை. கனத்த டீசல் பிக்கப்புகளில் வெடித்தது. துகள் வடிகட்டியையும் நைட்ரஜன் ஆக்சைடுக் கட்டுப்பாட்டையும் மொத்தமாகக் கழற்றும் வழக்கம் அங்கே பரவியது. 2020 நவம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முந்தைய சுமார் பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் கட்டுப்பாடுகள் கழற்றப்பட்டிருந்தன. அவற்றின் ஆயுளில் கூடுதலாக வெளியாகும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கு மேல். தன் வண்டி தன் சொத்து என்று வாதிடுபவர் தன் புகை யார் மூச்சுக்குள் போகிறது என்ற கேள்வியைத் தாண்ட முடியாத இடம் இது. மறுபக்கத்தில், சாலையில் ஓடாத மெய்யான பந்தய வண்டியைக்கூட மாற்றக் கூடாதா என்ற கேள்விக்கும் நியாயம் இருந்தது. முகமை 2015இல் ஒரு வரைவு விதியில் அந்தப் பொருள்படும் வாசகத்தைச் சேர்த்து, எதிர்ப்பு கிளம்பியபின் 2016இல் விலக்கிக்கொண்டது. பந்தய மாற்றங்களுக்கு வெளிப்படையான விலக்கு தரும் மசோதா ஒன்றை செமாவின் ஆதரவோடு உறுப்பினர்கள் அதே ஆண்டில் நாடாளுமன்றத்தில் முன்வைத்தார்கள். பின்னரும் அது மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டது.

முற்றத்தில் ஸ்பேனர் பிடிப்பவர் மட்டுமே குற்றவாளி என்ற எண்ணத்தை 2023இன் இறுதி கலைத்தது. ராம் பிக்கப்புகளுக்கு டீசல் இயந்திரம் செய்து தந்த கம்மின்ஸ் நிறுவனம், 2013 முதல் 2019 வரையான 6,30,000 இயந்திரங்களில் கட்டுப்பாட்டை ஏய்க்கும் நிரல் இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்க்க 167.5 கோடி டாலர் தண்டத்துக்கு உடன்பட்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட சிவில் தண்டங்களில் மிகப் பெரியது அது. அந்த வண்டிகளின் உரிமையாளர்கள் எதையும் கழற்றியிருக்கவில்லை.

கலிபோர்னியாவின் புகைச் சோதனையிலிருந்து 1975 மாதிரி ஆண்டும் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் வண்டிகள் விலக்குப் பெற்றிருக்கின்றன. செவ்ரோலேயின் சதுர உடல் பிக்கப் 1973இல் வந்து 1987 வரை விற்றது. 1975 வண்டிக்கும் 1976 வண்டிக்கும் ஒரே உடல், ஒரே அடிச்சட்டம், ஒரே 350 கன அங்குல வி8, ஒரே போல்ட் துளைகள்; ஒன்றுக்கு வாங்கிய நீண்ட குழாய் ஹெடர் மற்றதிலும் சிரமமின்றி உட்காரும். ஒன்றை மட்டும் யாரும் மூடி திறந்து பார்க்கமாட்டார்கள். பழைய டிரக் வாங்குபவர்கள் அங்கே இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் பதிவுச் சீட்டில் உள்ள ஆண்டைப் பார்க்கிறார்கள்.